மாடி சோலாரில் கார் சார்ஜ்: கடலோரத்துக்காரர்களுக்கு

ஒரு கிலோவாட் பேனல் சென்னை வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 6, 7 கிலோமீட்டர் ஓடும். திருவொற்றியூரிலிருந்து பாரிமுனை போய்வர அதுவே போதும். வீட்டுக்கும் சேர்த்து என்றால் 3 கிலோவாட். பகலில் கார் வெளியே நிற்குமா? நெட் மீட்டர் வாங்கிவிடுங்கள்; பகலில் மிஞ்சும் மின்சாரத்தை மின்வாரிய லைனுக்குக் கொடுத்து, இரவில் எடுப்பதில் கழித்துக்கொள்ளும் மீட்டர் அது.

எங்கள் பக்கம் உப்புக்காற்றுதான் வில்லன். சாதா இரும்பு வேண்டாம்; ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சட்டம், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் என்று கேட்டு வாங்குங்கள். என் மாடியில் முதலில் போட்ட போல்ட்டுகள் இரண்டாவது மழைக்காலத்திலேயே துருவேறி, பேனல் ஓரமெல்லாம் காபிக் கறை மாதிரி கோடு. அப்புறம் தூசி. விரலால் தொட்டால் மை போல ஒட்டும். வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் ஈரத்துணியால் துடையுங்கள்.

இன்னொன்று: கரண்ட் போனால், வெயில் கொளுத்தினாலும் ஆன்கிரிட் சோலார், அதாவது மின்வாரிய லைனோடு இணைந்தது, நின்றுவிடும்.