தென்னை ஈர்க்கும் ஒட்டுநாடாவும் போதும்: ஸ்பின் அலையைக் கண்ணால் காணலாம்

"ஸ்பின் அலை என்றால் இலத்திரன்கள் அலையலையாக ஓடுவதா?" என்று உயர்தர மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவுத் தென்னையின் ஈர்க்குகளைத்தான் எடுத்து வருவேன். ஸ்பின் என்பது ஒவ்வொரு இலத்திரனும் குட்டிக் காந்தம்போல் ஒரு திசையைக் காட்டும் இயல்பு. அலையில் ஓடுவது அந்தத் திசையின் மாற்றம் மட்டுமே. ஈர்க்கின் சாய்வே இங்கே ஸ்பினின் திசை.

20 செ.மீ. நீளத்தில் வெட்டிய 40 ஈர்க்குகள், 2 மீற்றர் நீளமான அகல ஒட்டுநாடா இரண்டு துண்டு, கொஞ்சம் களிமண் ஆகியவை வேண்டும். கச்சான் வீசும் மாதங்களில் யன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில், பசைப்பக்கம் மேலிருக்க ஒரு நாடாவை யன்னல் கம்பிக்கும் கதிரைக்கும் இடையே இழுத்துக் கட்டுங்கள். 5 செ.மீ. இடைவெளியில் ஈர்க்குகளைக் குறுக்கே, நடுப்பகுதி நாடாவில் படும்படி வைத்து, மேலே மற்ற நாடாவை ஒட்டுங்கள். ஈர்க்கின் இரு நுனிகளிலும் மிளகளவு களிமண். பாரம் கூடினால் அலை மெதுவாகும், கண்ணால் தொடரலாம்.

அடுத்து, முதல் ஈர்க்கின் நுனியைத் தட்டுங்கள். சாய்வு மறுமுனைவரை சென்று திரும்பும். எந்த ஈர்க்கும் இடம் மாறவில்லை. காந்தப் பொருளில் இத்தகைய அலை உண்டு என்பதை 1930இல் பௌதிகவியலாளர் பீலிக்ஸ் புளொக் கணித்துக் காட்டினார். குறைகடத்தியில் (கடத்திக்கும் காவலிக்கும் இடைப்பட்ட பொருள்) இலத்திரன்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. நம் ஈர்க்கு மாதிரியுரு அங்கே உண்மையிலிருந்து விலகுகிறது. ஆயினும் ஒன்றையொன்று தள்ளும் மின்விசையும் ஒரே நிலையில் இரு இலத்திரன்கள் இருக்க முடியாது என்னும் பவுலியின் தவிர்ப்பு விதியும் சேர்ந்து அவற்றின் ஸ்பின்களைப் பிணைக்கின்றன. நாடா செய்வது அந்த வேலையைத்தான்.

இனி எனக்கு மிகவும் பிடித்த படி. கதிரைப் பக்க முனையைக் கழற்றி, இரண்டு முழுச் சுற்று முறுக்கிக் கட்டுங்கள். ஈர்க்குகள் சுருள் படிக்கட்டாக நிற்கும். குறைகடத்தியில், இலத்திரனின் ஓட்டத்தை அதன் ஸ்பினோடு இணைக்கும் ஸ்பின்–ஒழுக்குப் பிணைப்பு செய்வது இதுதான். மின்புலத்தினூடே ஓடும் இலத்திரனுக்கு அப்புலம் காந்தப்புலமாகவும் தென்படுகிறது. ஸ்பின் அதைச் சுற்றித் திரும்புகிறது. வேகமான இலத்திரன் வலிய புலத்தை உணர்ந்தாலும் சீக்கிரம் கடந்துவிடும். மெதுவானது மெலிந்த புலத்தில் நெடுநேரம் இருக்கும். இரண்டும் ஈடாகி, கடந்த தூரமே திருப்பத்தை முடிவு செய்கிறது! நாடாவிலும் ஒவ்வொரு ஈர்க்கின் திசை அது நிற்கும் இடத்தைப் பொறுத்ததே. இது விளங்கிய நாளின் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

ஆனால் இலத்திரன் மோதித் திசைமாறினால் சுழலும் அச்சும் மாறி, சுருள் கலைந்துவிடும். இலத்திரன்கள் ஓடும் குறைகடத்தி மென்படலத்தின் சமச்சீரின்மையால் வரும் ரஷ்பா விளைவும், பளிங்கின் சமச்சீரின்மையால் வரும் டிரெசல்ஹவுஸ் விளைவும் சம வலுவில் இருந்தால் மட்டும் அச்சு ஒன்றாகவே நிலைக்கும். சுருள் நெடிது வாழும். 2006இல் கணிக்கப்பட்ட இதை 2009இல் கல்லியம் ஆர்சனைட் படலங்களில் கண்டார்கள்.

முறுக்கிய நாடாவை மறுபடி தட்டுங்கள். அலை சுருளின்மேல் ஏறிச் செல்லும். எடுக்கும் நேரம் பெரிதாக மாறாது. சுருளோடு சேர்ந்து திரும்பும் ஒருவருக்கு அது பழைய அலையேதான்.

கடைசியாக, முறுக்கைக் கால் சுற்றுக் கூட்டிப் பாருங்கள். ஆய்வுகூடத்தில், படலத்தின் மேலுள்ள மின்வாய்க்குக் கொடுக்கும் வோல்ட்டளவை மாற்றி, ரஷ்பா வலுவை இப்படித்தான் கூட்டிக் குறைக்கிறார்கள்.