முட்டம் பாறையில் தக்கை போட்டு ஏரி பிடிப்பது

ஏரி என்றதும் தண்ணீர் நிற்கும் ஏரியை நினைக்க வேண்டாம். மலையாளத்தில் 'கறுத்த ஏரி' என்று ஒரு மீன் உண்டு. குமரி மாவட்டத்து முட்டம் கேரள எல்லையை ஒட்டி இருப்பதால் எங்கள் வீட்டிலும் அதே பெயர்தான். உயர்ந்த முதுகு, கறுப்போடிய சாம்பல் உடம்பு, வாய்க்குள் கூழாங்கல் பதித்த மாதிரி பற்கள். நண்டையும் சிப்பியையும் ஓட்டோடு நொறுக்கித் தின்னும். சிப்பி ஒட்டிய பாறை எங்கேயோ அங்கேதான் அது மேயும். பாறையில் நின்றுகொண்டு 50 மீட்டருக்கு வீசி எறிபவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. மீன் அவர்கள் காலடியில், நுரைக்குக் கீழே கிடக்கிறது.

தூண்டிலை எடுக்கும் முன் 20 நிமிடமாவது சும்மா உட்கார்ந்து கடலைப் பாருங்கள். எனக்குச் சொல்லித் தந்த பாட்டா முதலில் சொன்னது இதைத்தான்: "மக்ளே, பாறை நனஞ்ச இடத்துல நிக்கப்பிடாது. காஞ்ச இடம் பாத்து, அதுக்கும் ரெண்டாள் உயரம் மேல நில்லு." ஆனி, ஆடியில் பாறைப் பக்கமே போக வேண்டாம். சித்திரை, வைகாசியில் கள்ளக்கடல் உண்டு. இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. தெற்கே வெகுதூரத்தில் அடித்த புயலின் அலை திடீரென்று ஏறி வரும். ஒரு சித்திரை மத்தியானம், கடல் கிடந்த கிடப்பை நம்பி நான் ஒரு படி கீழே இறங்கி நின்றேன். இடுப்பளவு தண்ணீர் ஏறிப் பையை இழுத்துக்கொண்டு போனது. சிப்பிப் பாறையைக் கட்டிப்பிடித்ததில் கிழிந்த முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களைக் கடல் கொண்டுபோனதும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்த நாளில்தான். கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசு மையமான இன்காய்ஸின் எச்சரிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள்.

சரி, சாமான். 12 அடி ராடு, நடுத்தர ரீல், 0.30 மில்லிமீட்டர் தங்கூசி (நைலான் நரம்பு). தக்கையை நானே செய்கிறேன். பழைய ஹவாய் செருப்பின் அடியை விரல் நீளத்துக்குச் சீவி, நடுவில் சூடான கம்பியால் துளைத்து, காலியான பேனா ரீஃபிலை அதில் செருகினால் தங்கூசி வழுக்கிக்கொண்டு ஓடும். தங்கூசியில் முதலில் தையல் நூலால் ஒரு முடிச்சு, பிறகு பாசிமணி, தக்கை, ஈயக்குண்டு, ஸ்விவல் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு வளையம்). அதற்குக் கீழே இரண்டடிக்குச் சற்று மெல்லிய தங்கூசி, அதன் நுனியில் முள். நூல் முடிச்சை நகர்த்தினால் ஆழம் மாறும். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் போடுங்கள்.

இந்த வேலையில் முக்கால் பங்கு ஆழம் பார்ப்பதுதான். முள்ளில் கனமான ஈயம் ஒன்றை மாட்டி இறக்குங்கள். தக்கை முழுகிப் போனால் ஆழம் போதாது, முடிச்சை மேலே தள்ளுங்கள். தக்கை சாய்ந்து படுத்தால் முள் தரையில் கிடக்கிறது, முடிச்சைக் கீழே இறக்குங்கள். தரைக்கு ஒரு முழம் மேலே இரை தொங்க வேண்டும். கடல் ஏறும்போதும் வற்றும்போதும் மறுபடி பாருங்கள். சோம்பல்பட்டால் முள் பாறையில் மாட்டும்.

இரைக்கு, முட்டம் முதல் விழிஞ்ஞம் வரை பாறையில் ஒட்டியிருக்கும் பழுப்புச் சிப்பிக்கு மிஞ்சியது இல்லை. சதை பிய்ந்து போகாமலிருக்க முள்ளோடு சேர்த்து நூலால் நாலு சுற்று சுற்றுங்கள். சிப்பி இல்லாவிட்டால் இறால். மீனை வரவழைக்க, தேங்காய்ப் பிண்ணாக்கு, நசுக்கிய சாளை (மத்தி) தலை, ஒரு பிடி மணல் மூன்றையும் பிசைந்து, பாறையை ஒட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மணல் சேர்த்தால்தான் அடியில் போய்ச் சேரும்.

ஏரி கடிப்பதைத் தக்கையே சொல்லிவிடும். முதலில் நடுக்கம். அது இரையைப் பல்லால் நசுக்கிப் பார்க்கும் நேரம். கை பரபரக்கும், இழுக்காதீர்கள். ஒரு முங்கு, மேலே வரும். இரண்டாவது முங்கில் நிற்காமல் கீழே போய்க்கொண்டே இருந்தால் அப்போது ராடை நிமிர்த்துங்கள். அதன்பின் துளியும் தளர்த்தக் கூடாது. இடுக்குக்குள் நுழைந்துவிட்டால் தங்கூசி சிப்பி ஓட்டில் உரசி அறுந்துவிடும். மீன் களைத்த பிறகு, ஏறி வரும் அலையோடு பாறைப் பக்கம் கொண்டுவந்து, நீளக் காம்பு வலையால் அள்ளுங்கள். கீழே இறங்கிப் பிடிக்கப் போகாதீர்கள்.

தூண்டில் முள்ளைக் கழற்றும்போது, மீனின் வயிற்றுக்குக் கீழே, வால் பக்கத் துடுப்பிலிருக்கும் தடித்த முள்ளைக் கவனியுங்கள். குத்தினால் இரண்டு நாளைக்கு விரல் மடங்காது. இந்த மீன் ஆணாகத் தொடங்கி வளர வளரப் பெண்ணாக மாறும் இனம். அதனால் பெரியது பெரும்பாலும் சினைக்காரி. அவளை நான் விட்டுவிடுகிறேன். புளிமுளம் (எங்கள் பக்கத்து மீன் குழம்பு) வைக்க நடுத்தரமாக இரண்டு மீன் போதும்.