பின் ஷாக் அப்சார்பரை வீட்டில் மாற்றும்போது செய்யக் கூடாதவை

மாருதி ஸ்விஃப்ட் மாதிரி ஹேட்ச்பேக்கில் பின் ஷாக் அப்சார்பர் மாற்றுவது, பார்த்தால் சில நட்டு போல்ட் வேலைதான். ஆபத்தெல்லாம் காரைத் தூக்கி நிறுத்துவதிலும் ஸ்பிரிங்கிலும் இருக்கிறது.

ஹேண்ட் பிரேக்கை நம்பிப் பலர் காருக்கு அடியில் நுழைகிறார்கள். பெரும்பாலான கார்களில் அது பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தச் சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும். பிறகு அந்தப் பிரேக் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? சமமான சிமெண்ட் தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். காரைத் தூக்குவதற்கு முன்பே சக்கர நட்டுகளை லேசாக இளக்கிவிட வேண்டும்.

காரோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்ற மட்டும்தான். அதற்குத் துணையாகச் செங்கல், ஹாலோ பிளாக் அடுக்குவது அதைவிட மோசம்; சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். தூக்கிய காரைத் தாங்கி நிறுத்தும் இரும்பு ஜாக் ஸ்டாண்ட் இரண்டு வாங்க மனமில்லை என்றால் இந்த வேலையை மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டு வைப்பது நல்லது.

இந்த வகைக் கார்களில் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. பின் சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் பீம் அளவுக்கு மீறிக் கீழே இறங்காமல் பிடித்திருப்பது ஷாக்தான். ஆகவே கீழ் போல்ட்டை உருவுவதற்கு முன் பீமுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கொடுத்து லேசாகத் தாங்குங்கள். இல்லையென்றால் பீம் சரிந்து ஸ்பிரிங் வெளியே வரலாம், பிரேக் ஹோஸும் இழுபடும். இரண்டு பக்கத்தையும் மாற்ற வேண்டும், ஆனால் ஒரே நேரத்தில் கழற்றக் கூடாது.

சில கார்களில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமுங்கி உட்கார்ந்திருக்கும். அதன் உச்சி நட்டில் கை வைக்காதீர்கள். விடுபட்டால் ஆளைக் கொல்லும் விசை அது. முழுதாகக் கழற்றி, பிரிக்கும் வேலையைப் பட்டறையில் கொடுங்கள்.

புது ஷாக்கின் பளபளப்பான தண்டைப் பிளேயரால் பிடித்தால் கீறல் விழுந்து சீல் கிழியும், சீக்கிரமே ஆயில் கசியும்.

அப்புறம் பலரும் கோட்டை விடுவது ரப்பர் புஷ், அதாவது ஷாக்கின் போல்ட் நுழையும் துளையில் இருக்கும் ரப்பர் வளையம், விஷயத்தில். பீம் தொங்கும்போதே கீழ் போல்ட்டை முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் பிய்ந்துவிடும். தூக்குவதற்கு முன் சக்கர மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள தூரத்தை டேப்பில் அளந்து வையுங்கள். பீமை ஜாக்கியால் அதே உயரத்துக்குக் கொண்டுவந்து, மேனுவலில் போட்டிருக்கும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள்.