வருடாந்தப் பாஸ்: சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போடும் தப்புக் கணக்குகள்

பிள்ளைகளின் விளையாட்டுப் பூங்காவுக்கு வருடம் முழுக்கப் போகக்கூடிய பாஸ் எடுக்கலாமா என்று கேட்டால், டிக்கட் கவுண்டரில் இருப்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "அஞ்சு தரம் வந்தா போட்ட காசு வந்திடும் அக்கா, அதுக்குப் பிறகு எல்லாம் ஃப்ரீ." அந்தக் கணக்கில் பிழை இல்லை. பாஸின் விலையை ஒரு நாள் டிக்கட்டின் விலையால் வகுத்தால் அந்த ஐந்துதான் வரும். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பாஸ் என்று ஒன்றே இல்லாவிட்டால், இந்த வருடம் இந்த இடத்துக்கு எத்தனை தரம் வந்திருப்போம்? எனக்குத் தெரிந்த வீடுகளில், மூன்று நான்கு வயதுப் பிள்ளை இருந்தால், மனச்சாட்சியோடு சொல்லும் பதில் இரண்டு. மிஞ்சினால் மூன்று.

ஒரு பேச்சுக்கு இலக்கம் போட்டுப் பார்ப்போம். டிக்கட் 2,000 ரூபா, பாஸ் 9,000 ரூபா. ஒரு தடவை போய்வர ஓட்டோ, இரண்டு ரோல்ஸ், ஒரு மைலோ பக்கற், வாசலில் விற்கும் பலூன், உள்ளே பாஸில் அடங்காத காசு போடும் மெஷின்கள் எல்லாம் சேர்த்து 2,500 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஸ் இல்லாமல் இரண்டு தரம் போனால் மொத்தச் செலவு 9,000. பாஸை எடுத்துவிட்டு, "காசு வீணாகக் கூடாது" என்று ஆறு தரம் போனால் பாஸுக்கு 9,000, மற்றச் செலவுக்கு 15,000, ஆக 24,000. கவுண்டரில் சொன்னபடி "லாபம்" வந்துவிட்டது, கையில் இருந்து 15,000 கூடப் போயும் விட்டது. அந்த ஆறு நாளும் பிள்ளை குதூகலமாக இருந்திருந்தால் அது நல்ல செலவுதான், நான் குறை சொல்லவில்லை. அதைச் சேமிப்பு என்று மட்டும் சொல்லக் கூடாது.

வருடத்தில் 52 ஞாயிறு இருப்பதாக நினைப்பது

கொழும்பில் இல்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஒக்டோபர், நவம்பரில் காலை வெயிலாக இருக்கும், பிள்ளை மத்தியானத் தூக்கம் முடிந்து எழும்பும் நேரம் பார்த்து இடியும் மழையும் வரும். ஹங்வெல்லப் பக்கத்து லெஷர் வேர்ல்ட், பண்டாரகமவின் பேர்ல் பே மாதிரித் திறந்த வெளியில் தண்ணீர் விளையாட்டு உள்ள இடங்களுக்கு வெள்ளவத்தையில் இருந்து போவதென்றால் அரை நாள் வழியிலேயே போய்விடும். அப்படிப்பட்ட பயணத்தை மழையை நம்பி ஒருவரும் மாதாமாதம் வைப்பதில்லை. மோல்களுக்குள் இருக்கும் விளையாட்டு இடங்களுக்கு மழைப் பிரச்சினை இல்லை. ஆனால் மழை நாளில் முழுக் கொழும்புக்கும் அதே யோசனைதான் வரும். பூரணை தினத்திலும் அப்படியே. பந்துக் குளத்துக்குள் பந்தைவிடப் பிள்ளைகள் கூட இருக்கும்.

அப்புறம் காய்ச்சல். நேர்சரிக்குப் போகத் தொடங்கிய முதல் வருடம், பிள்ளைக்குத் தடிமன் ஒன்று மாறுவதற்குள் மற்றது வந்து நிற்கும். வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் கை, கால், வாய் நோய் வந்தால் அந்த வாரமே மூன்று நாலு வீட்டில் வந்துவிடும். இதோடு சனிக்கிழமை நீச்சல், ஞாயிறு காலை அக்காவின் அறநெறி வகுப்பு, யாரோ ஒருவரின் பிறந்தநாள், சாமத்திய வீடு, கல்யாணம். போன வருட நாட்காட்டி வீட்டுச் சுவரில் இன்னும் தொங்கினால் எடுத்து வைத்து, உண்மையிலேயே வெறுமையாக இருந்த ஞாயிறுகளை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையிலும் பாதியைத்தான் பாஸ் கணக்குக்கு எடுக்கலாம், ஏனென்றால் மிச்சப் பாதியில் உங்களுக்கும் வீட்டில் படுக்க ஆசை வரும்.

விலை குறைந்த பாஸ்களில் "வார நாட்களில் மட்டும்", "பாடசாலை விடுமுறைக் காலத்தில் செல்லாது" என்ற நிபந்தனைகள் இருக்கும். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு ஓய்வு கிடைக்கும் ஏப்ரல், ஓகஸ்ட், டிசம்பர் நாட்களையே அது வெட்டிவிடும். அதேநேரம் வீட்டில் அம்மம்மா இருந்து, நேர்சரி மத்தியானத்தோடு முடிந்து, இடமும் நடக்கும் தூரம் என்றால் அந்த மலிவான வார நாள் பாஸ்தான் கெட்டித்தனம். செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு அந்த இடம் வெறுமையாகக் கிடக்கும்.

இலவசமாகப் போகும் பிள்ளைக்குக் காசு கட்டுவது

பெரிய பூங்காக்களில் சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கட்டே வேண்டாம். சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸில் 4 வயதுக்குக் கீழ் இலவசம். டிஸ்னி பூங்காக்கள் பலவற்றில் 3 வயதுக்குக் கீழ் இலவசம். 2025 டிசம்பரில் சென்னையில் திறந்த வொண்டர்லா வயதைக் கேட்பதில்லை, உயரத்தை அளக்கிறது. 85 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் உள்ளே இலவசம். இரண்டேமுக்கால் வயதுப் பிள்ளைக்குப் பாஸ் எடுப்பதா என்று யோசிப்பவர், முதல் சில மாதம் சும்மா கிடைக்கும் ஒன்றையும் சேர்த்தே காசு கட்டி வாங்குகிறார். மூன்றாவது பிறந்தநாள் வரை பொறுத்திருந்து எடுத்தால் அதே காசுக்கு முழு வருடமும் கிடைக்கும்.

உள்ளே விடுவது வேறு, ஏற விடுவது வேறு. சிங்கப்பூர் யூனிவர்சலில் டிரான்ஸ்போர்மர்ஸ் சவாரிக்கு 102 சென்ரிமீற்றர் வேண்டும், மம்மி ரோலர் கோஸ்டருக்கு 122. ஹொங்கொங் டிஸ்னிலாண்டில் ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 102, பிக் கிரிஸ்லிக்கு 112. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நடுத்தர உயரமுள்ள பிள்ளை 3 வயதில் ஏறத்தாழ 95 சென்ரிமீற்றர், 4 வயதில் 103, 5 வயதில் 110 இருக்கும். நாலு வயதுப் பிள்ளை அந்த 102 கோட்டில் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் வயதில் இருக்கிறது என்று அர்த்தம்.

இதற்கு நம் ஊரில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் இப்படிப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. கிளினிக்கில் தந்த பிள்ளையின் பதிவேட்டை அலுமாரியில் இருந்து எடுங்கள். மிட்வைஃப் மிஸ் எடையைக் குறித்த அதே புத்தகத்தில் உயரத்துக்கும் ஒரு வளைகோட்டுப் பக்கம் இருக்கும். பிள்ளையின் புள்ளிகள் எந்தக் கோட்டை ஒட்டிப் போகின்றன என்று பார்த்து, அதே வளைவில் பென்சிலால் கொஞ்சம் முன்னுக்குக் கொண்டுபோனால் 102 சென்ரிமீற்றரை எந்த மாதமளவில் தொடும் என்று தெரியும். அது எட்டு மாதம் தள்ளி என்றால் பாஸையும் எட்டு மாதம் தள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் சவாரி வாசலில் அளவுகோலில் நிறுத்தப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டு, அண்ணா மட்டும் ஏறுவதைப் பார்த்துக் குளறும் பிள்ளைக்கு வருடப் பாஸ் ஒரு பரிசே இல்லை.

பெரியவர்களின் விலையையும் மறக்க வேண்டாம். பிள்ளை இலவசம் என்றாலும் கூடப் போகும் அம்மா, அப்பா இலவசமில்லை. கொழும்பின் உள்ளக விளையாட்டு இடங்கள் சிலவற்றில் ஒரு பெரியவரைச் சும்மா விடுவார்கள், இரண்டாமவருக்குக் காசு. வழுக்காத சொக்ஸ் வேண்டும் என்பார்கள், அதையும் அங்கேயே விற்பார்கள்.

முழு நாளும் நின்றால்தான் காசுக்குப் பிரயோசனம் என்று நினைப்பது

பாஸுக்கு ஆதரவாக ஒரு நல்ல காரணம் இருக்கிறது, அதை விற்பவர்கள்கூடச் சொல்வதில்லை. நாள் டிக்கட் எடுத்தவர் காசைப் பார்த்துக் காலை பத்தில் இருந்து பின்னேரம் ஐந்து வரை பிள்ளையை இழுத்துக்கொண்டு திரிவார். மூன்று வயதுப் பிள்ளைக்கோ ஒன்றரை மணித்தியாலம் போதும். ஒரே சறுக்கியில் இருபது தரம் ஏறி இறங்கும், மிச்ச நேரம் கை கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்து மூடும், இல்லாவிட்டால் வெளியே எஸ்கலேற்றரில் ஏற வேண்டுமென்று நிற்கும். எஸ்கலேற்றருக்கு டிக்கட் இல்லை என்பதை எந்தப் பிள்ளைக்கும் விளங்கப்படுத்த முடியாது.

பாஸ் கையில் இருந்தால் நாற்பது நிமிடத்தில் பிள்ளை சிணுங்கத் தொடங்கியதும், சரி, வீட்டுக்குப் போவோம் என்று எழும்பலாம். மனம் நோகாது. அதனால்தான் என் அளவுகோல் விலை அல்ல, தூரம். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இருக்கும் இடமென்றால் பாஸ் யோசிக்கத் தகுந்தது. ஒரு மணித்தியாலம் காலி வீதி நெரிசலில் இருந்து போகும் இடத்தில், நாற்பது நிமிடத்தில் திரும்பி வரும் மனம் உங்களுக்கே வராது.

பக்கத்தில் இருப்பது என்று பார்த்தால், காசில்லாத இடங்களும் கணக்கில் வர வேண்டும். காலிமுகத்திடல் நடைபாதையில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த அந்த நடைபாதையை, கொழும்பின் பெண்கள், பிள்ளைகளின் நலனுக்காகத் தனக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் ஒப்படைப்பதாக அதில் எழுதியிருக்கிறது. பட்டம், கடல் காற்று, பிள்ளைக்குத் தெரியாமல் நீங்கள் சாப்பிடும் ஒரு இறால் வடை. விகாரமகாதேவி பூங்கா, பத்தரமுல்லை தியத்த உயன எல்லாம் இருக்கின்றன. டிக்கட் எடுக்க வேண்டுமென்றாலும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் இருக்கிறது. சின்னப் பிள்ளை விரும்புவது ஓட இடமும், பார்க்க ஒரு மிருகமும், குதிக்க ஒரு மேடும்தான். அது மூன்றும் இந்த இடங்களில் கிடைக்கிறது என்றால், பாஸ் அதற்கு மேல் என்ன தரப்போகிறது என்று கேட்பது நியாயம்.

வெளிநாட்டுப் பயணத்துக்கு வருடப் பாஸ்

ரொறன்ரோவில் மாமா, சிங்கப்பூரில் சித்தி என்று இருக்கும் குடும்பங்களில் இது அடிக்கடி வரும் பேச்சு: "இங்க வந்தா மூண்டு நாள் போகலாம், பாஸ் எடுத்து விடட்டா?" ஒரே பயணத்தில் மூன்று நான்கு நாள் அதே பூங்காவுக்குப் போவது நிச்சயம் என்றால் சில இடங்களில் அது கட்டும். ஆனால் சின்னப் பிள்ளையோடு அடுத்தடுத்து மூன்று நாள் பூங்கா என்பது பெரியவர்களின் திட்டம். இன்னொன்று, ஒர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டில் நாள் டிக்கட்டுக்கு 3 முதல் 9 வயது வரை சிறுவர் விலை இருக்கிறது. வருடாந்தப் பாஸுக்கு அது கிடையாது. 3 வயது தொடங்கியதும் பெரியவர் விலைதான். கலிபோர்னியா டிஸ்னிலாண்டின் மெஜிக் கீ பாஸும் அப்படியே, 2021இல் அது வந்ததில் இருந்து பாஸ் இருந்தாலும் போகும் நாளை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். திடீரென்று "இன்றைக்குப் போவோமா" என்று கிளம்பும் சுகம், பாஸின் பாதி அழகு, அங்கே இல்லை.

கடைசியாக, கையெழுத்துப் போடும் முன் கவுண்டரில் நேராகக் கேட்க வேண்டியவை. வருடம் தொடங்குவது காசு கட்டிய நாளிலா, முதல் தடவை உள்ளே போன நாளிலா? பாஸில் அப்பாவின் பெயர் இருந்தால் அம்மம்மா பிள்ளையைக் கூட்டிவரலாமா? சொன்ன விலையில் 18 வீத வற் வரி அடங்குமா? கிரெடிட் கார்ட்டில் அடுத்த வருடம் தானாகவே வெட்டுமா? பிள்ளைக்கு டெங்கு வந்து ஒரு மாதம் படுத்தால், அல்லது இடமே மூடப்பட்டால் அந்த நாட்களைக் கூட்டித் தருவார்களா? 2022இல் பெற்றோல் வரிசையில் இரவு பகலாக நின்ற ஊர் இது. 12 மாதக் காசை முன்கூட்டிக் கட்டுவதென்றால், அந்த 12 மாதமும் அவர்கள் திறந்திருப்பார்கள், நாமும் போகக்கூடிய நிலையில் இருப்போம் என்று நம்பிக் கடன் கொடுப்பதுதான். மூன்று மாதப் பாஸ் இருந்தால், மாதக் கணக்கில் கொஞ்சம் கூடினாலும், அதையே எடுப்பேன்.

முதல் நாளே பாஸ் எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. சாதாரண டிக்கட்டில் உள்ளே போய், பிள்ளை அந்த இடத்தோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். பிடித்திருந்தால், அன்றைய டிக்கட் காசைக் கழித்துக்கொண்டு பாஸாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். பல பூங்காக்களில் செய்வார்கள், ஆனால் அதே நாளில், வெளியே போவதற்கு முன் கேட்டால் மட்டும். எனவே டிக்கட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.