லாட்ஜிலோ வாடகை வீட்டிலோ மூட்டைப்பூச்சியா? மதுரையில் சட்டப்படி கேட்பது எப்படி

சித்திரைத் திருவிழா நாட்களில் மீனாட்சி கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் லாட்ஜ் அறை கிடைப்பதே பெரும்பாடு. காலையில் ஒரு குடும்பம் காலி செய்யும், மதியத்துக்குள் அடுத்த குடும்பம் பெட்டியோடு வந்து நிற்கும். மெத்தையைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் பொழுதிருக்காது. நடுராத்திரியில் கடி வாங்கியவர் கீழே போய்ச் சத்தம் போடுகிறார், விடிந்ததும் பெட்டியைக் கட்டுகிறார். ஊர் போய்ச் சேர்ந்த பிறகுதான் வழக்குப் போடலாமா என்று யோசனை வருகிறது. அப்போது கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இந்த விஷயத்தில் சட்டம் பலவீனமாக இல்லை. அந்த முதல் ஒரு மணி நேரத்தில் ஆதாரம் எடுக்காமல் விடுவதால்தான் பலர் தோற்கிறார்கள். அதனால் இந்த விளக்கத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அதிக இடம்.

முதலில்: நீங்கள் விருந்தினரா, வாடகைதாரரா?

இரண்டு பேருக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு. லாட்ஜ், ஹோட்டல், சாப்பாட்டோடு தங்கும் ஹாஸ்டல் என்றால் அது சேவை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 'சேவை' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே உணவும் தங்குமிடமும் வருகின்றன. மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகலாம். மாத வாடகைக்கு வீடு எடுத்திருந்தால் வெறும் வாடகைத் தகராறாக அங்கே போவது வீண் அலைச்சல். அதற்குத் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும், ரென்ட் அத்தாரிட்டி என்று எல்லோரும் சொல்லும் வாடகை அதிகார அமைப்பும் இருக்கின்றன.

ஆதாரம் எடுக்கும் முறை மட்டும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

படி 1: எதையும் அடிக்காதீர்கள், தெளிக்காதீர்கள். படம் எடுங்கள்

கடித்த தடம் மட்டும் போதாது. கொசுக்கடியும் ஒவ்வாமைத் தடிப்பும் பார்க்க அப்படியே இருக்கும். சிலருக்குத் தடம் தெரியவே பல நாட்கள் ஆகும், சிலருக்கு வருவதே இல்லை. ஆணையம் பார்க்க வேண்டியது பூச்சியை.

விளக்கைப் போட்டு, கைபேசி டார்ச்சோடு இந்த இடங்களைத் தேடுங்கள்: மெத்தையின் தையல் ஓரம், லேபிளின் அடிப்பக்கம், கட்டில் சட்டம் சேரும் மூலைகள், தலைமாட்டுப் பலகையின் பின்புறம், நாடாக் கட்டிலானால் நாடா மடிப்புகள், திரைச்சீலையின் மேல்மடிப்பு, சுவர் விரிசல், கட்டிலை ஒட்டிய சுவிட்ச் பெட்டி. வளர்ந்த பூச்சி 4 முதல் 5 மில்லிமீட்டர், தட்டையாக, செம்பழுப்பாக இருக்கும். முட்டை சுமார் ஒரு மில்லிமீட்டர், வெள்ளை. இவற்றோடு பேனா மையால் குத்தியது போன்ற கரும்புள்ளிகளும் (அவை பூச்சியின் கழிவு) உரித்த தோல்களும் இருக்கும்.

வீடியோவை அறைக் கதவின் எண்ணில் தொடங்கி, வெட்டாமல், ஒரே ஓட்டமாக மெத்தை வரை கொண்டுபோங்கள். பூச்சி பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து அளவு தெரியும்படி படம் எடுங்கள். தனித்தனிப் படங்களாக மட்டும் எடுத்தால், இது எங்கள் அறையே இல்லை என்று சொல்ல எதிர்த்தரப்புக்கு எளிதாகிவிடும்.

இரண்டு மூன்று பூச்சிகளைச் செல்லோடேப்பில் ஒட்டி வெள்ளைத் தாளில் பதியுங்கள். தேதி, மணி, அறை எண்ணை அதிலேயே எழுதிவிடுங்கள். படத்தின் மூலக் கோப்பைக் கைபேசியிலிருந்து அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நேரம், இடம் போன்ற விவரங்கள் தங்குவதில்லை.

படி 2: அதே இரவில் எழுத்தில் புகார்

வாய்ப்பேச்சுக்கு மதிப்பு குறைவு. அறைப் பையனையோ மேனேஜரையோ மேலே அழைத்து நேரில் காட்டுங்கள். புகார்ப் புத்தகம் கேளுங்கள். தர மறுத்தால் லாட்ஜின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ இப்படி அனுப்பினால் போதும்:

"இன்று இரவு 11.40 மணிக்கு அறை எண் 204-இல் மெத்தையின் தலைமாட்டுத் தையலில் உயிருள்ள மூட்டைப்பூச்சிகள் இருந்தன. எனக்கும் என் மகளுக்கும் கையிலும் கழுத்திலும் கடித்துள்ளன. வீடியோ இணைத்துள்ளேன். வேறு அறை தர வேண்டும். இயலாவிட்டால் கட்டிய ரூ. 1,800-ஐத் திருப்பித் தர வேண்டும். எழுத்தில் பதில் தரவும்."

கோபமான வார்த்தை ஒன்றும் வேண்டாம். நாளைக்கு இதை வாசிக்கப் போகிறவர் ஆணையத் தலைவர்.

வேறு அறை தந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றதால் உங்கள் உரிமை போய்விடாது. ஆனால் பக்கத்து அறையோ நேர் மேலும் கீழும் உள்ள அறையோ வேண்டாம். ஒயர் குழாய் வழியாகவே பூச்சி போகும். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். பணம் பெற்றதற்கு மட்டும் ரசீது கொடுங்கள்.

கிளம்பும் முன் பில் வாங்குங்கள். பில் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்துத் தங்குவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. பணம் கொடுத்த நுகர்வோர் என்று காட்டவே வழியில்லாமல் போகும். செயலி வழியாக முன்பதிவு செய்திருந்தால் அந்த உறுதிச் செய்தியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்திலும் புகார் பதியுங்கள். 2020-இன் மின்வணிக விதிகளின்படி அவர்களுடைய குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும்.

படி 3: மருத்துவச் சீட்டும் சலவை ரசீதும்

பெரியாஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டினாலும் போதும். கடியை மட்டும் பார்த்து மூட்டைப்பூச்சிதான் என்று எந்த மருத்துவரும் உறுதியாக எழுத முடியாது. நீங்கள் சொன்ன விவரத்தைச் சீட்டில் குறிக்கும்படி கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த நிலையில் இருந்தது என்ற பதிவுதான் முக்கியம்.

துணிகளை லாட்ஜிலேயே பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, வீட்டுக்குள் பிரிக்காமல் நேராகச் சலவைக்கு அனுப்புங்கள். 60 டிகிரி சூட்டில் துவைத்தால் முட்டையும் சாகும். மொட்டை மாடி வெயிலில் பரப்பினால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம், மடிப்புக்குள் இருப்பவை தப்பிவிடும். சலவை, மருந்து, ஆட்டோ என எல்லா ரசீதும் பின்னால் இழப்பீட்டுக் கணக்கில் வரும்.

படி 4: நோட்டீஸ், பிறகு ஆணையம்

லாட்ஜ் உரிமையாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுங்கள். அறை வாடகை, மருந்து, சலவை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, செலவுத் தொகை என்று தனித்தனியாகப் பிரித்துக் கேளுங்கள். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. ஆகவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் போய்ச் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள். இடையில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். சிலர் அந்த அழைப்பிலேயே இறங்கி வருவார்கள். ஆனால் அது சமரச முயற்சிதான், தீர்ப்பு சொல்லாது.

பதில் வரவில்லையென்றால், நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை. தெரிந்திருக்க வேண்டியவை:

- கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கணக்கு நீங்கள் கேட்கும் இழப்பீட்டை வைத்தல்ல, கட்டிய பணத்தை வைத்து.
- சம்பவம் நடந்து 2 ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும்.
- நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம். கொடைக்கானலில் கடி வாங்கிய மதுரைக்காரர் மதுரையில் பதியலாம். மதுரைக்கு வந்து கடி வாங்கிய திருநெல்வேலிக்காரர் தன் ஊரிலேயே பதியலாம்.
- புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், ஆவணப் பட்டியல், ஆவணங்கள் என்ற வரிசையில் இணையுங்கள். வீடியோவுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றையும் (மின்னணுப் பதிவு எப்படி, எந்தக் கருவியில் எடுத்தது என்று உறுதி சொல்லும் தாள்) சேர்ப்பது பாதுகாப்பு.

எதிர்த்தரப்புக்குப் பதில் தர 30 நாள், கேட்டால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் இல்லை. சட்டம் மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா விழும், அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு கேட்கலாம்? 1,800 ரூபாய் அறைக்கு இருபது லட்சம் கேட்டால் மனுவின் நம்பகமே கெடும். ஸ்லீப்பர் பஸ்சில் மூட்டைப்பூச்சி கடித்த ஒரு பயணிக்குத் தட்சிண கன்னட மாவட்ட ஆணையம் ஒரு லட்சத்துக்கும் மேல் தரச் சொன்னது உண்டு. எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். தீர்ப்பு பாதகமானால் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம், அதன் அமர்வு மதுரையிலும் உண்டு. உத்தரவை மதிக்காதவருக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-ஆம் பிரிவில் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க முடியும்.

வாடகை வீடு என்றால்

இங்கே முதல் சண்டையே "நீங்கதான் கொண்டு வந்தீங்க" என்பதில் தொடங்கும். இதற்குப் பூச்சியின் வாழ்க்கையே பதில் சொல்லும். முட்டை பொரிய 6 முதல் 10 நாள். பிறகு ஐந்து முறை தோலுரித்து வளர்ந்த பூச்சியாக ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். குடிவந்த முதல் வாரத்திலேயே சுவர் விரிசலில் பல அளவுத் தோல்களும் அடுக்கடுக்காய்க் கரும்புள்ளிகளும் இருந்தால், அந்தக் கூடு உங்களுக்கு முந்தியது. அதனால்தான் பெட்டியைப் பிரிக்கும் முன்பே சுவரையும் பரணையும் அலமாரியையும் வீடியோ எடுக்கச் சொல்கிறோம். ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தால் இதை நிறுவ முடியாது.

சட்டத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. 2017 சட்டத்தின் அட்டவணை கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய், ஒயரிங் ஆகியவற்றை உரிமையாளரிடமும், சின்னச் சின்னப் பழுதுகளை வாடகைதாரரிடமும் தருகிறது. மூட்டைப்பூச்சி என்ற சொல் அதில் இல்லை. எனவே "சுவர் விரிசலை அடைத்து, வெள்ளையடித்து, பூச்சி மருந்தடிக்க வேண்டும்" என்று கேளுங்கள். விரிசலும் வெள்ளையடிப்பும் அவர் பொறுப்பு என்பதில் வாதமே இல்லை. இன்னொரு பிடியும் உண்டு. 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவுப்படி, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாத, தனக்குத் தெரிந்த பெரிய குறையை உரிமையாளர் சொல்லித்தான் வீட்டைத் தர வேண்டும். முன்பு குடியிருந்தவர் இதற்காகவே காலி செய்தார் என்று பக்கத்து வீட்டார் சொன்னால், எழுதி வாங்குங்கள்.

செய்ய வேண்டிய வரிசை: எழுத்தில் புகார், 15 நாள் காத்திருப்பு, பிறகு வாடகை அதிகார அமைப்பில் மனு. இது துணை ஆட்சியர் நிலை அதிகாரியிடம் இருக்கும். ஒப்பந்தம் எழுத்தில் போட்டு அங்கே பதிவாகியிருக்க வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்பதில் சிக்கல் வரும். நம் ஊரில் பாதி வீடுகள் அட்வான்ஸ் நோட்டில் ஒரு வரி எழுதி ஓடுவதால் இதை அழுத்திச் சொல்கிறோம். இப்போதாவது பதியுங்கள்.

உரிமையாளர் தம் பொறுப்பிலுள்ள பழுதைச் செய்ய மறுத்தால் நீங்கள் செய்துகொண்டு வாடகையில் கழிக்கச் சட்டம் இடம் தருகிறது, ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் போகாமல். ஆனால் பூச்சி மருந்துச் செலவு அட்டவணையில் இல்லாததால் அதை நீங்களாகக் கழிக்காதீர்கள். முதலில் அதிகாரியிடம் உத்தரவு வாங்குங்கள். வாடகையை நிறுத்துவது அதைவிட ஆபத்து. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீசுக்குப் பிறகும் கட்டாவிட்டால் காலி செய்யச் சொல்ல அதுவே காரணமாகிவிடும். மாதாமாதம் வங்கி வழியாகக் கட்டுங்கள்.

காம்பவுண்ட் வீடுகளில் தனியாகப் புகார் கொடுத்துப் பயனில்லை. பொதுச் சுவர் வழியாக ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பூச்சி ஏறும். எல்லாக் குடித்தனமும் சேர்ந்து கையெழுத்திட்டு, எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் மருந்தடிக்கக் கேளுங்கள். தெளிக்கும் மருந்துக்கு முட்டை பெரும்பாலும் தப்பிவிடும் என்பதால் 10 முதல் 14 நாளில் இரண்டாம் முறையும் அடிக்க வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தும் உரிமையாளர்தான் அதிகம், அதையும் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். மருந்தடிப்பவரிடம் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுக்குள் செல்பாஸ் மாத்திரை வைக்க யார் சொன்னாலும் விடாதீர்கள். அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு தூங்குகிறவரைக் கொன்றுவிடும்.

மாநகராட்சி நல அலுவலருக்கும் மனு கொடுக்கலாம். 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் தூக்கத்தையும் ஓய்வையும் கெடுப்பதைத் தொல்லை என்ற வரையறைக்குள் வைக்கிறது. பெண்கள் விடுதியானால், விடுதிகளுக்கான தமிழ்நாட்டின் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும், ஆகவே மாவட்ட சமூக நல அலுவலகத்திலும் புகார் எடுபடும். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு, சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள்.

எதற்கும் அசையாமல், வீடு குடியிருக்கவே முடியாத நிலை என்றால், எழுத்தில் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யலாம். கிளம்பும் நாளில் ஒவ்வொரு அறையையும் மறுபடி வீடியோ எடுங்கள். கரண்ட் பில் கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, சாவியை ஒப்படைத்த தேதியையும் அட்வான்ஸ் பாக்கித் தொகையையும் ஒரே தாளில் எழுதி, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகு சாவியைக் கொடுங்கள்.