பாவித்த கணினிக்கு எஸ்.எஸ்.டி: ஐ.டி.இ, சாட்டா, என்.வி.எம்.இ என்பவற்றில் எதைத் தெரிவது?

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பாவித்த கணினி ஒன்றை வாங்கியவர்களின் முதல் முறைப்பாடு, அது திறபடுவதற்கே ஒரு தேநீர் குடித்து முடிக்கும் நேரம் எடுக்கிறது என்பதாகவே இருக்கும். பெரும்பாலும் குறை செயலியில் அல்ல, உள்ளே சுழலும் வன்தட்டில்தான் இருக்கிறது. அதற்குப் பதிலாக எஸ்.எஸ்.டியை, அதாவது சுழலும் பாகமின்றி நினைவகச் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் தட்டை, வாங்கப் புறப்படுபவர் கடையில் எதிர்கொள்ளும் கேள்வி, எந்த இணைப்புள்ள தட்டு வேண்டும் என்பதாகும். ஐ.டி.இ மிகப் பழைய இணைப்பு, அதன் பின் வந்தது சாட்டா, மூன்றிலும் புதியதும் வேகமானதும் என்.வி.எம்.இ. தாய்ப்பலகையில் சாட்டா இருந்தால் சாட்டா எஸ்.எஸ்.டியை வாங்குங்கள், என்.வி.எம்.இ தட்டிலிருந்து தொடங்க வல்ல பலகையாக இருந்தால் மட்டும் அதற்குச் செலவழியுங்கள், ஐ.டி.இக்குப் புதிதாக எதையும் வாங்காதீர்கள் என்பதே என் முடிவு.

முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மின்கம்பியைக் கழற்றிய பின் பக்கத் தகட்டை அகற்றுங்கள். சோளகக் காற்றுக் காலத்தைக் கடந்த கணினியாக இருந்தால் உள்ளே செம்மண் தூசி படிந்திருக்கும். ரயர் கடைக் காற்றால் அதை ஊத வேண்டாம். அந்தக் காற்றோடு நீர்த்துளிகளும் எண்ணெயும் வரக்கூடும் என்பதால், காய்ந்த வர்ணத் தூரிகையே நல்லது.

அகலமான நாடா போன்ற கேபிளும், 40 ஊசிகளுக்கான நீண்ட செருகியும் தெரிந்தால் அது ஐ.டி.இ. விரலளவு அகலமுள்ள, உள்ளே எல் வடிவப் பள்ளம் கொண்ட சிறு செருகிகள் சாட்டா. அவற்றுக்கு 7 தொடுமுனைகள் உண்டு. பலகையோடு படுக்கையாக, நெற்றிலிருந்து பிரித்த முருங்கை விதை வரிசை போல் மெல்லிய பொன்னிறத் தொடுமுனைகளுடன் ஒரு சிறு துவாரமும் சற்றுத் தள்ளி ஒரு திருகாணி இடமும் இருந்தால் அது எம்.2.

எம்.2 என்பது துவாரத்தின் வடிவம் மட்டுமே என்பதை நினைவில் வைத்திருங்கள். அதே துவாரத்தில் சாட்டா வகைத் தட்டும் வரலாம், என்.வி.எம்.இ வகைத் தட்டும் வரலாம். என்.வி.எம்.இ தட்டின் விளிம்பில் பொதுவாக ஒரு வெட்டும், சாட்டா வகையின் விளிம்பில் பொதுவாக இரண்டு வெட்டுகளும் இருக்கும். இரண்டையும் ஏற்கும் துவாரங்கள் உள்ளன, ஒன்றை மட்டும் ஏற்பவையும் உள்ளன. எனவே பலகையின் மாதிரி எண்ணைக் குறித்து, தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள். 2280 என்ற எண் 22 மில்லிமீற்றர் அகலத்தையும் 80 மில்லிமீற்றர் நீளத்தையும் குறிக்கிறது.

வேக எண்களை எப்படி வாசிப்பது

ஐ.டி.இயின் உச்சம் செக்கனுக்கு 133 மெகாபைட். 2003இல் வந்த முதல் சாட்டா 1.5 ஜிகாபிட், அதன் பின் 3, 2009இல் 6 என உயர்ந்தது. நடைமுறையில் இவை 150, 300, 600 மெகாபைட்டுகளுக்கு மேற்படாது. நான்கு தரவுத் தடங்களில் ஓடும் மூன்றாம் தலைமுறை என்.வி.எம்.இ ஏறக்குறைய 3500 மெகாபைட்டைத் தொடும்.

இந்த எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். சுழலும் தட்டு ஒரு தரவைத் தேடி எடுக்க ஏறத்தாழ 10 மில்லிசெக்கன் எடுக்கிறது, எஸ்.எஸ்.டிக்கு அதில் நூறில் ஒரு பங்கு நேரம் போதும். கணினி விரைந்து திறபடுவது இந்த வேறுபாட்டினாலேயே என்பதால், பழைய 3 ஜிகாபிட் சாட்டா துவாரத்தில் செருகினாலும் மாற்றத்தைக் கண்ணாற் காணலாம். கடிதம் தட்டவும், இணையம் பார்க்கவும், பிள்ளைகளின் பாடங்களுக்கும் பயன்படும் கணினியில், சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இக்குப் போவதால் கிடைக்கும் மேலதிக வேகம் உணரப்படுவது அரிது.

2014க்கு முற்பட்ட பலகைகளில் பெரும்பாலானவற்றின் பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடிக் கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்), என்.வி.எம்.இ தட்டிலிருந்து கணினியைத் தொடங்க அறியாது. மாற்று அட்டை மூலம் அதைப் பொருத்தினாலும், விண்டோஸ் வேறொரு தட்டிலிருந்து தொடங்கிய பின்னரே அது கண்ணுக்குத் தெரியும்.

பொருத்துதல்

எஸ்.எஸ்.டியில் அசையும் பாகம் இல்லாததால், அதற்குரிய சட்டம் கிடைக்காவிட்டால் இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் பெட்டியின் சுவரில் ஒட்டினாலும் போதும். வலு வழங்கியில் சாட்டா முனை இல்லாமல் பழைய நான்கு ஊசி முனை மட்டும் இருந்தால் மாற்றுக் கேபிள் தேவைப்படும். கம்பிகளைச் சுற்றி பிளாஸ்ரிக் உருக்கி வார்க்கப்பட்ட வகையைத் தவிருங்கள். உள்ளே கம்பிகள் ஒன்றையொன்று தொட்டு எரிந்த சம்பவங்கள் அவ்வகையில்தான் அதிகம். பின்பக்க மூடி தனியாகக் கழலும், கம்பிகள் இடைவெளியோடு பதிந்திருக்கும் வகையையே நான் வாங்குவேன், விலை சற்றுக் கூடினாலும்.

என்னை அதிக நேரம் மறித்த இடம்: ஏ.எச்.சி.ஐ

கேபிள்கள் எல்லாம் சரியாக இருந்தும், பயோஸில் எஸ்.எஸ்.டியின் பெயர் தெரிந்தும், விண்டோஸ் நீலத்திரையைக் காட்டி மீண்டும் மீண்டும் தொடங்குமானால், பயோஸில் சாட்டாவின் செயல்முறை என்ற அமைப்பைப் பாருங்கள். அங்கே பழைய ஐ.டி.இ தட்டைப் போல நடக்கச் செய்யும் ஐ.டி.இ, சாட்டாவுக்கே உரிய முறையில் பேசும் ஏ.எச்.சி.ஐ என்ற தெரிவுகள் இருக்கும். விண்டோஸ் எக்ஸ்.பியின் நிறுவல் குறுவட்டில் ஏ.எச்.சி.ஐக்குரிய இயக்கி (தட்டோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) இல்லாததால், அந்தக் காலத்தில் கணினியை அமைத்தவர்கள் சாட்டா தட்டையே ஐ.டி.இ போல நடிக்க வைத்தார்கள். பெயர் ஒன்றாக இருப்பதால் இது நாடாக் கேபிளோடு தொடர்புடையது என்று எண்ணி எவரும் கையை வைப்பதில்லை.

விண்டோஸைப் புதிதாக நிறுவுவதானால், அதற்கு முன்பே ஏ.எச்.சி.ஐ என மாற்றிவிடுங்கள். வேலை அத்தோடு முடிந்தது. ஏற்கெனவே நிறுவிய விண்டோஸ் 10 இருந்தால் நேரடியாக மாற்றக் கூடாது. முதலில் சிஸ்டம் கொன்பிகரேஷன் என்ற கருவியைத் திறந்து, பூட் பக்கத்தில் சேஃப் பூட்டைத் தெரிந்து மறுபடி தொடங்குங்கள். தொடங்கும்போதே பயோஸுக்குள் நுழைந்து ஏ.எச்.சி.ஐ என மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் பாதுகாப்பு முறையில் திறந்து தனக்கு வேண்டிய இயக்கியை ஏற்றிக்கொள்ளும். பின்னர் சேஃப் பூட் தெரிவை நீக்கி மீண்டும் தொடங்கலாம். பழைய பதிப்புகளில் பாதுகாப்பு முறை, உள்நுழையப் பயன்படுத்தும் பின் (PIN) இலக்கத்தை ஏற்காது என்பதால் முழுக் கடவுச்சொல்லைக் கையில் வைத்திருங்கள்.

பழைய தட்டைப் பிரதியெடுப்பதை விடப் புதிதாக நிறுவுவதையே நான் விரும்புகிறேன். பிரதியெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா இலவசமானதும் நம்பகமானதும்தான். ஆனால் வழமையான முறையில் அது, மூலத்தட்டுக்குச் சமமான அல்லது பெரிய தட்டையே இலக்காக ஏற்கும். 500 ஜிகாபைட் தட்டிலிருந்து 240 ஜிகாபைட் எஸ்.எஸ்.டிக்குப் போகும் தொடக்கநிலையாளருக்கு அது வீண் சிரமம்.

பின்னர் சேர்த்தவை

மின்வெட்டு வந்துபோகும் ஒவ்வொரு தடவையும் நீலத்திரை திரும்பி வருகிறது என்று மல்லாவி வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காரணம் எஸ்.எஸ்.டி அல்ல, பலகையில் உள்ள சி.ஆர்.2032 நாணய மின்கலம். அது தீர்ந்துவிட்டால், மின் நின்றதும் பயோஸ் தன் அமைப்புகளை மறந்து ஐ.டி.இ தெரிவுக்கே திரும்பிவிடும். கணினியின் கடிகாரமும் பழைய திகதிக்குப் போயிருந்தால் அதுவே அடையாளம். மின்கலத்தை மாற்றி, ஏ.எச்.சி.ஐயை மீண்டும் தெரிந்தால் போதும்.

எம்.2 தட்டைப் பொருத்தியதும் பழைய வன்தட்டு காணாமற் போனது என்பது இன்னொருவரின் சிக்கல். பல பலகைகளில் எம்.2 துவாரமும் ஒரு சாட்டா துவாரமும் ஒரே தடத்தைப் பங்கிடுகின்றன. வன்தட்டின் கேபிளை அடுத்த துவாரத்துக்கு மாற்றிப் பாருங்கள்.

இடம்பெயர்வுகளின்போது காவிச் சென்று காப்பாற்றிய பழைய ஐ.டி.இ தட்டுகளில் திருமணப் படங்களும் சான்றிதழ்களும் இருப்பதாகச் சிலர் கேட்டிருந்தார்கள். அவற்றுக்கு ஐ.டி.இயிலிருந்து யூ.எஸ்.பிக்கு மாற்றும் கருவி ஒன்றே போதும், ஆனால் 3.5 அங்குலத் தட்டுக்கு வலுவைத் தனியாகத் தரும் கருவியாக அது இருக்க வேண்டும். தட்டின் பின்புறத்துச் சிறு இணைப்பியை (ஜம்பர்) மாஸ்டர் நிலையில் வையுங்கள். மடிகணினித் தட்டானால் 44 ஊசிகளுக்குரிய முனை வேண்டும். தட்டு சுழலத் தொடங்கியதும் படங்களையே முதலில் பிரதியெடுங்கள். பிழைதிருத்தும் மென்பொருள் எதையும் அதற்கு முன் ஓடவிட வேண்டாம்.