கத்தரிக்கோலால் ஒரு திரைச்சீலை: 1950களின் பாணியில் கை ஸ்கிரீன் பிரிண்டிங்

1950களின் திரைச்சீலைத் துணி என்றதும் பலர் முதலில் சொல்வது, 1951இல் ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன் கண்காட்சிக்காக ஆங்கில வடிவமைப்பாளர் லூசியன் டே வரைந்து, லண்டன் ஹீல்ஸ் கடை வெளியிட்ட காலிக்ஸ் என்ற டிசைன். கிண்ணம் போன்ற வடிவங்களை மெல்லிய கோடுகள் இணைத்துக்கொண்டே போகும். எனக்கு மிகவும் பிடித்த துணி, ஆனால் முதல் முயற்சிக்கு வேண்டாம், அந்தக் கோடுகள் காகித ஸ்டென்சிலில் (வடிவங்களை வெட்டியெடுத்த காகிதம், மை அந்த ஓட்டைகள் வழியே துணியில் இறங்கும்) தாங்காது. பின்லாந்தின் மாரிமெக்கோ துணி நிறுவனத்துக்கு மைய்யா இசோலா 1956இல் செய்த கிவெட் டிசைனைப் பாருங்கள்: கோணல்மாணலான பெரிய வட்டங்கள், அவ்வளவுதான், அதுவும் கத்தரிக்கோலால் வெட்டியவை. நாமும் பென்சிலைத் தொடாமல் வெட்டியே தொடங்குவோம்.

முதலில் டிசைன். 10 அங்குலச் சதுரக் காகிதத்தில், நீங்கள் வெட்டிய வடிவங்களை விளிம்பைத் தொடாமல் ஒட்டுங்கள். காகிதத்தை நெடுக்கில் பாதியாக வெட்டி, இடது பாதியை வலப்பக்கம் மாற்றிவைத்து டேப் ஒட்டுங்கள், குறுக்கிலும் அப்படியே. இப்போது நடுவில் சிலுவை மாதிரி வெற்றிடம் தெரியும், அதைப் புது வடிவங்களால் நிரப்புங்கள். விளிம்பில் பாதியாக நிற்கும் வடிவத்தின் மறுபாதி எதிர் விளிம்பில் இருக்கும். அதை ஒரு பக்கத்தில் முழுதாக வைத்துக்கொண்டு மறுபக்கம் எடுத்துவிட்டால் துணியில் இணைப்பே தெரியாது. அப்புறம் நான்கு நகல் எடுத்துச் சுவரில் சேர்த்து ஒட்டி, தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் தெரியாத காலி வரிசை தூரத்தில் கோடாகத் தெரியும். இதைச் சரிசெய்யாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள், துணி கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்டென்சிலுக்கு பட்டர் பேப்பர். சுற்றிலும் அகல ஓரம் விட்டு, வரிசைக்கு இரண்டு வீதம் ஒரே மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். ஸ்கிரீன் என்பது மெஷ் என்ற மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்டிய சட்டம், அதில் சென்டிமீட்டருக்கு 43 இழை உள்ள மெஷ் போதும்.

மேசைமேல் போர்வை, அதன்மேல் பழைய வேட்டி, அதன்மேல் கஞ்சி போகத் துவைத்துத் தேய்த்த லினன் அல்லது பருத்தித் துணி. 10 அங்குலத்துக்கு ஒரு குறி வையுங்கள். ஸ்டென்சிலைத் துணியில் வைத்து, ஸ்கிரீனை மேலே அழுத்தி, துணிக்கான மையை ஒரு ஓரத்தில் ஊற்றி, ஸ்குவீஜியை (மையை இழுக்கும் ரப்பர் பட்டை) சாய்த்துப் பிடித்து இரண்டு முறை இழுங்கள். முதல் இழுப்பிலேயே காகிதம் மெஷ்ஷோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த கட்டத்தை உடனே அச்சடிக்க வேண்டாம்! சட்டம் டிசைனைவிடப் பெரியது, ஈர மைமேல் உட்கார்ந்து அப்பிவிடும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒன்றுவிட்டு ஒன்று அடியுங்கள். நீண்ட மேசைகளில் கையால் அச்சடித்தவர்களின் வழக்கமும் இதுதான். அவை காய்வதற்குள் மெஷ்ஷில் மை இறுகிவிடும், அதனால் உடனே ஸ்கிரீனைக் கழுவிக் காயவையுங்கள். பிறகு இரண்டாவது ஸ்டென்சிலால் நடுவில் விட்ட கட்டங்களை முடித்து, அதுவும் காய்ந்தபின் அடுத்த வரிசைக்குப் போங்கள்.

முழுக்கக் காய்ந்தபின் துணியைத் திருப்பிப்போட்டு, மை டப்பாவில் சொன்ன சூட்டில், நீராவி இல்லாமல் தேய்த்தால் சாயம் நிலைத்துவிடும்.